கசந்த கேரட்டும் கேட்காத துட்டியும்

கார்த்திகை 8, திங்கள்

காலையில் தூறல். ஆற்றில் கலங்கல் தண்ணீர், படித்துறையில் நாலு படி முங்கிவிட்டது. வீட்டுத் தொட்டியிலேயே குளியல்.

இந்த நோட்டு வடிவு வாங்கித் தந்தது. என் ஒரே மகள். பாளையங்கோட்டையில் சர்க்கார் ஆபீசில் வேலை. ஞாயிறு தோறும் பஸ் ஏறி முக்கூடலுக்கு என்னைப் பார்க்க வருவாள். நேற்று வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே மூன்று பை கேரட்.

"எப்பா, ஒத்தை ஆளுக்கு ஏழு கிலோ கேரட்டா?"

"வாங்கினது மறந்துட்டு தாயி. மறுபடியும் மறுபடியும் வாங்கிட்டேன்."

வாயில் அதுதான் வந்தது. சொல்லி முடிக்கு முன்னே அவள் முகம் செத்துப்போயிற்று. "மறந்துட்டா?" என்று இரண்டு தரம் கேட்டாள். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. சாயங்காலம் கடைக்குப் போய் நோட்டும் பேனாவும் வாங்கி வந்து மடியில் வைத்தாள். தினம் என்ன வாங்கினேன், என்ன தின்றேன், எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு பார்ப்பாள். கோளாறு என்றால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு மாடி வீட்டில் இருக்க வேண்டும். "நாளைக்கு கேஸ் அடுப்ப அணைக்க மறந்தா யாரு இருக்கா இங்கன?" என்றாள்.

பள்ளிக்கூட வாசல் மிதித்தவன் இல்லை நான். நாற்பது வருஷம் டவுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் மையில் ஊர் பெயர், ஆள் பெயர் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த எழுத்து. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகிறது. கேரட்டுக்கு இனிமேல் கே.

நோட்டின் முன்பக்கம் வடிவுக்கு. திருப்பிப் போட்டு, கடைசித் தாளில் இருந்து எனக்கு.

முன்பக்கத்தில் இன்றைக்கு: பால், தேங்காய் ஒன்று, தோசை மாவு.

எனக்கு மறதி கிடையாது. ஊட்டி லாரி ஓட்டி வந்த டிரைவருக்கு எந்தப் பல் இல்லை என்று இப்போதும் சொல்வேன். வடிவு பிறந்த அன்று மார்க்கெட்டில் எத்தனை சாக்கு இறங்கியது, தெரியும். ஏழு கிலோ கே. எந்தெந்த நாள் வாங்கினேன், தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

வாங்கியது பேச்சியிடம். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டிக் கடை. மாடசாமியின் பெண்டாட்டி. மாடசாமி என்னோடு மூட்டை தூக்கியவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஆகவே அவள் எனக்கு மைனி முறை. இந்த ஆவணியில் மாடசாமி செத்துப்போனான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போகவில்லை.

சாவு விழுந்த வீட்டில் போய் நின்று துட்டி கேட்காமல் அந்த வீட்டு ஆளோடு வேறு பேச்சுப் பேச முடியாது. எங்கள் பக்கம் அப்படி. முதலில் போய் நிற்க வேண்டும், அவர்கள் அழுது முடிக்க வேண்டும், பிறகுதான் மழை உண்டா என்ற பேச்செல்லாம். அதனால் நான் கே. குவியலைக் கைகாட்டுவேன். விரல் இரண்டு என்றால் இரண்டு கிலோ. அவள் நிறுப்பாள். வாய் பேசாத வியாபாரம்.

கை வலி. போதும்.

கார்த்திகை 9, செவ்வாய்

வெயில் கொஞ்சம். ஏழு கிலோவையும் தரையில் கொட்டிப் பிரித்தேன்.

திடமானது: இரண்டு கிலோ இருக்கும். தலைப்பச்சையை ஒட்ட நறுக்கி (இலை இருந்தால் கிழங்கின் தண்ணீரை அது குடித்துவிடும்), கழுவாமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி அடித்தட்டில். துணி வியர்த்தால் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பை எமன்.

துவண்டது: மூன்றரை. அடி நுனியில் விரற்கடை நறுக்கி மண்பானைத் தண்ணீரில் போட்டேன். மூன்று மணி நேரத்தில் முறுக்கேறி நின்றது. மேலே வெள்ளைப் பொடி பூத்தது கெட்டது இல்லை, காய்ந்தது. வடிவுக்கு இது தெரியாது, முந்தாநாள் ஒரு பிடியைக் குப்பையில் போட்டாள்.

வேர் விட்டது: ஒரு கிலோ. துருவத்தான் ஆகும்.

வழுவழுப்பு: மீதி. குழியில்.

பிரித்தபோது மனம் கொஞ்சம் நின்றது. முடிந்ததும் மறுபடி காலில் பரபரப்பு. தெருக்கோடி வரை நடை, திரும்பி வரல், மறுபடி நடை.

மைதீன் பாய் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். அடுத்த தெரு. என் வயதுதான், நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"என்னவே, கல்யாண வீடா? பந்தலக் காணும்."

"ஆட்டுக்குப் போடும் பாய். தூக்கிட்டுப் போரும்."

வேர் விட்டதில் நாலைக் கிடாவுக்கு நீட்டினார். முகர்ந்தது. ஒன்றைக் கடித்தது. துப்பிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீரா? போஸ்டரத் திங்கிற கிடா வே இது. உம்ம கேரட்ட வேண்டாங்குது!"

நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. கசப்பு. மருந்துக் கசப்பு, நாக்கின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் பேச்சி கடையில் முதல் நாள் நின்றபோதே தெரியும் இப்படி ஆகும் என்று. வண்டியின் மேல் கம்பியில் நாட்டு வாழைப்பழத் தார் நாலு, நேர் கீழே கே. குவியல். அந்தி சாய்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிடுவாள். நாலு நாள் அப்படிக் கிடந்தால் போதும். பழம் பழுக்கும்போது விடுகிற மூச்சுக் காற்று கே.யைக் கசக்க வைத்துவிடும். மார்க்கெட்டில் பழ அறைப் பக்கம் கே. சாக்கை இறக்கவே மாட்டோம்.

ஒரு வாய் வார்த்தை. பழத்தைத் தள்ளித் தொங்கவிடுங்கள் மைனி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே.

முன்பக்கம்: கீரை, மோர் மிளகாய்.

கார்த்திகை 10, புதன்

மேகமூட்டம். பேச்சி கடைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டு பேச்சி கடைக்குப் போனேன்.

ஒரு பெண் பையைக் கொண்டு வந்து வண்டி மேல் கவிழ்த்தாள். பீடிக் கடைக்கு இலை வாங்கப் போகிறவள் போலிருந்தது.

"யக்கா, உங்க கேரட்ட நீங்களே தின்னு பாருங்க. பிள்ள வாந்தி எடுத்துட்டான். பூச்சி மருந்தடிச்சதையா விக்கிய?"

"ஏளா, வயல்ல நின்னு வளத்தவளா நானு? லாரியில வருது, வாங்கி விக்கேன்."

"அந்தா, சந்தையில வாங்குறது மட்டும் இனிக்கே!"

போய்விட்டாள். நின்றிருந்த இரண்டு பேரும் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பேச்சி கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்தாள். ஒன்றைக் கடித்தாள், முகம் சுளிக்கவில்லை, விழுங்கினாள். பிறகு அதன் மேல் தண்ணீர் தெளித்தாள். தெளித்தால் பளபளக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெளித்துத் தார்ப்பாய் போட்டால் அடுத்த நாள் வழுவழுப்பு. அதுவும் தெரியவில்லை அவளுக்கு. மாடசாமி மார்க்கெட்டில் இருந்திருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பான்.

மாடசாமி ஏன் மார்க்கெட்டில் இல்லை.

நான் அந்தத் திருப்பிக் கொட்டியதைக் கைகாட்டினேன். முழுவதும் என்று கையை விரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டி ஓரம் தொட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பசுவிடம் பேசினாள்.

"கேட்டியாட்டி. துட்டி கேக்க வர காலு இல்லாதவுகளுக்கெல்லாம் கேரட்டு வாங்க மட்டும் காலு வருது. அதுவும் கசக்குத கேரட்டு. வாய்க்கு ருசி செத்துப்போச்சோ, இல்ல வேற ஏதும் செத்துப்போச்சோ."

பசு காதை ஆட்டியது. நான் பையை நீட்டினேன்.

மூன்று கிலோ. முன்பக்கத்தில் எழுதவில்லை.

இனிமேல் வாங்கினால் என் கையை ஆறு கொண்டுபோகட்டும்.

கார்த்திகை 11, வியாழன்

விடிந்ததில் இருந்து உட்கார முடியவில்லை. மூன்று தரம் ஆற்றுக்குப் போய் மூன்று தரமும் குளிக்காமல் வந்தேன். பழைய நினைப்பு. எழுதிவிட்டால் இறங்கும் என்று பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் முன்னால், வைகாசி. டவுனில் பெரிய இடத்துக் கல்யாணம். மறுவீட்டு விருந்தில் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு என்று ஊட்டிக் கே. மூன்று சாக்கு எங்கள் மண்டியில் இறங்கியது. திடீர் மழை, தகரக் கூரை ஒழுக்கு. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். எனக்கு எங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கல்லிடைக்குறிச்சி பஸ் பிடிக்க அவசரம். பழ அறைச் சாவி மாடசாமி பொறுப்பு. சாவியைக் கேட்டேன். "எதுக்குலே?" என்றான். "சாக்கு நனையுது, ஒரு மணி நேரம் வச்சுட்டு எடுத்துருவேன்" என்றேன். தந்தான். அவன் சாப்பிடப் போனான். மூன்று சாக்கையும் உள்ளே தூக்கி வைத்தேன். உள்ளே வாழைத்தார் அடுக்கிப் பழுக்கப் புகை மூட்டம் போட்டிருந்தது. மழை விட்டது. கதவைச் சாத்தினேன், சாவியை ஆணியில் மாட்டினேன், பஸ் ஏறினேன்.

சாக்கை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். என் ஆயுளில் மறந்தது அந்த ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மறுவீட்டில் சொதி கசந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலையை மடக்காமல் எழுந்துவிட்டார்கள். முதலாளி கூட்டத்தின் நடுவே நின்று ஏச்சு வாங்கினார். நான் நெற்றியில் கொடைத் திருநீறோடு திரும்பி வந்த அன்று மண்டி வாசலில் விசாரணை. சாவி மாடசாமியிடம், ஆகவே குற்றம் மாடசாமி மேல்.

முதலாளி என்னைக் கேட்டார். "உனக்கு ஏதும் தெரியுமாடே?"

"நான் ஊர்லயே இல்ல மொதலாளி."

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

மாடசாமி ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். எந்த மண்டியிலும் அவனை அப்புறம் சேர்க்கவில்லை. செங்கல் சூளைக்குப் போனான். முதுகு வளைந்தது. எதிரில் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஊரில் ஏதோ கொடுக்கல் வாங்கல் தகராறு என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஆவணியில் கொட்டுச் சத்தம் கேட்டதும் சட்டை போட்டேன். வாசல் வரை வந்தேன். சட்டையைக் கழற்றினேன்.

எழுதியாயிற்று. இறங்கவில்லை.

மத்தியானம் மைதீன் பாயைத் தூது அனுப்பினேன். பழத்தைத் தள்ளித் தொங்கவிடச் சொல்லும், நான் சொன்னதாகச் சொல்லாதீர் என்று. அரை மணியில் திரும்பி வந்து வாசல் கல்லில் உட்கார்ந்து சிரித்தார்.

"என்ன சொன்னா?"

"'பாய், உமக்கு ஆட்டப் பத்தித் தெரியும். கேரட்டப் பத்தி எவரு சொல்லிவிட்டா?'ன்னா. நான் சும்மா நின்னேன். 'சொல்லிவிட்ட ஆளு வாயில கொழுக்கட்டையா இருக்கு? நேர வரச் சொல்லும்'ன்னுட்டா. வே, மௌத்து வீட்டுக்குப் போவாத மனுசனுக்கு நான் இனிமே தூது போமாட்டேன், ஆமா."

தார் இன்னும் அங்கேயே தொங்குகிறதாம்.

முன்பக்கம்: ஒன்றுமில்லை.

கார்த்திகை 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை துட்டி கேட்கக்கூடாது. நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கம்.

நல்ல வெயில் என்று நம்பி இரண்டு கிலோ துருவித் தகரத்தில் வற்றல் போட்டேன். பத்து மணிக்கு மழை. துருவல் முழுக்கத் தண்ணீர். காக்கைகூட வரவில்லை.

தோலோடுதான் கசப்பு அதிகம், நடுத்தண்டு கொஞ்சம் தேவலை. தடிமனாகச் சீவிப் பார்த்தேன். பச்சையாகத் தின்றால் பரவாயில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்தால் தெரியாது.

அப்படியானால் சொதி. வடிவுக்குச் சொதி என்றால் உயிர். ஞாயிறு வைத்தால் மீதி எல்லாம் அதில் தீர்ந்துவிடும். ஃப்ரிட்ஜ் காலி, மகளுக்கும் சந்தோஷம்.

அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் சொதி வைக்கவில்லை. ஆறு வருஷம்.

பாளையங்கோட்டை மாடி வீட்டில் என்ன செய்வேன். ஜன்னலில் நின்றால் எதிர்ச் சுவர் தெரியும். அங்கே ஆறு கிடையாது. பேச்சி கடையும் கிடையாது. இது இரண்டாவதாக எழுதியிருந்தாலும் முதலில் நினைத்தது.

கார்த்திகை 13, சனி

மழை விட்டு விட்டு. இன்று போகலாம் என்று வேட்டி மாற்றினேன். பேச்சி வீட்டுத் தெருமுனை வரை போனேன். பூட்டு தொங்கியது, கடையில் இருப்பாள். துட்டி வீட்டில்தான் கேட்க வேண்டும், கடையில் கேட்கக் கூடாது. திரும்பிவிட்டேன். அவள் அந்திக்கு வீடு திரும்புவாள் என்றும் தெரியும். அந்திக்கு மழை என்று காரணம் வைத்துக்கொண்டேன். தூறல்தான்.

வாங்கியது (முன்பக்கத்திலும் எழுதினேன்): பாசிப்பருப்பு, இஞ்சி, முருங்கைக்காய், பீன்ஸ், உருளைக்கிழங்கு, எலுமிச்சை, தேங்காய் இரண்டு.

மைதீன் பாய் வாசலில் நின்று ஆட்டிடம் சொன்னது: "வா, போவோம். இவரு இன்னும் தெருமுனை அளந்து முடிக்கல்ல."

கார்த்திகை 14, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டும். பைய எழுதுகிறேன்.

வடிவு பத்து மணிக்கு வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சுத்தம். வேட்டித் துணியில் சுற்றிய நல்ல கே. மட்டும் கொஞ்சம். முன்பக்கத்தைப் படித்தாள். ஒவ்வொரு நாளும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்குத் தெரியாமல் என்று அவள் நினைப்பு.

"சொதி வாசமால்லா இருக்கு! நீங்களா வச்சிய?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா வப்பான்?"

மூன்று பாலும் தனித்தனியாக எடுத்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு, இஞ்சிச் சாறு, எலுமிச்சை. பார்க்க மஞ்சளும் ஆரஞ்சுமாக அழகாக இருந்தது. சோற்றில் விட்டுப் பிசைந்தாள். ஒரு வாய். மென்றது நின்றது.

"எப்பா."

"என்ன?"

"கசக்கு."

நான் ஒரு வாய் வைத்தேன். வேகவைத்ததில் கே.யின் கசப்பெல்லாம் பாலில் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் முன்னால் நான் தின்னாத சொதி இன்று என் இலையில்.

"உங்களுக்கு நாக்குலயும் தெரியலையா? ருசி பாக்காமலா வச்சிய?" தட்டைத் தள்ளினாள். எழுந்து போய் என் வேட்டி, சட்டை எல்லாம் கொடியில் இருந்து எடுக்க ஆரம்பித்தாள். "இன்னைக்கே வாங்க. ஒரு நாள்கூட இனி தனியா விட மாட்டேன்."

"கசக்கும்னு தெரியும் தாயி."

"தெரிஞ்சா வச்சிய?"

"தேங்காய்ப்பால்ல மறைஞ்சிரும்னு நெனச்சேன். பழத்துக்குக் கீழ கெடந்த கேரட்டு. எல்லாம் கணக்காத் தெரியும். எனக்கு மறதி இல்ல. போன வாரம் சொன்னது பொய்."

கொடியில் கை வைத்தபடியே நின்றாள். அப்புறம் எல்லாம் சொன்னேன். சாவி, மழை, மூன்று சாக்கு, நான் ஊர்லயே இல்ல. வாசலில் கழற்றிய சட்டை. கை காட்டி வாங்கிய கே. மாடசாமி தோளில் உட்கார்ந்து கொடை வேடிக்கை பார்த்தவள் அவள். அதை நான் சொல்லவில்லை. அவளுக்கே ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"ஒரு வாரமா நான் சரியா உறங்கல்ல," என்றாள். "டாக்டர் கிட்ட டோக்கன் போட்டேன். ஆபீஸ்ல எல்லார்ட்டயும் எங்கப்பாவுக்கு மறதி வந்துட்டுன்னு சொல்லி அழுதேன். மறதியே வந்திருக்கலாம்ப்பா."

அது பட்டது. படட்டும்.

துணியைக் கீழே போட்டாள். "எந்திரிங்க. சட்டையப் போடுங்க."

"எங்க?"

"துட்டி கேக்க."

பேச்சி வீட்டில் இருந்தாள், ஞாயிறு மத்தியானம் கடை கிடையாது. வாசலில் எங்களைப் பார்த்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். வடிவு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆணுக்கு ஆண் என்றால் கையை நீட்டலாம், அவன் தொடுவான், முடிந்தது. தொடுவதற்கு அங்கே மாடசாமி இல்லை. படம்தான் இருந்தது, மாலை காய்ந்து.

அழுகை அடங்கியது. அப்போது சொன்னேன். மூன்று சாக்கும் நான் வைத்தது, சாவி மாடசாமி எனக்குத் தந்தது, எடுக்க மறந்தவன் நான்.

பேச்சி படத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் டிவி.

"சாவியத் தந்தத எங்கிட்டகூட அவுக சொல்லல்ல," என்றாள். "நான் என்னெல்லாம் ஏசியிருக்கேன் தெரியுமா. 'மறதி புடிச்ச மனுசன், சாக்கப் புகையறையில வச்சத மறந்து பொழப்பக் கெடுத்துட்டு சூளையில கெடக்கான்'னு சோறு போடும்போதெல்லாம் ஏசியிருக்கேன். இருபத்திரண்டு வருசம். தலையக் குனிஞ்சு சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவாக."

"மைனி."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவுகட்டச் சொல்லியிருக்கணும். போன வருசம் சொல்லியிருந்தாக்கூட நான் ஒரு வருசம் ஏசாம இருந்திருப்பேன்."

 

நிலைப்படியை விட்டேன். துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் இறங்க வேண்டும். இன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு உதவியது. படி இறங்கும்போது மட்டும், திரும்பாமல், "பழத்தாரக் கேரட்டுக்கு மேல போடாதீங்க, அதான் கசக்கு. தண்ணி தெளிக்காதீங்க. ஈரச் சாக்குப் போட்டு மூடுங்க." என்றேன். அவள் காதில் விழுந்ததோ.

ஆற்றில் குளித்தேன். கலங்கல்தான். முங்கினேன். வடிவு படியில் துண்டோடு நின்றாள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டாள். என் துணியை எடுத்துப் போகவில்லை. கூட வாங்க என்றும் சொல்லவில்லை. பஸ் ஜன்னலில் இருந்து: "இனிமே எங்கிட்ட மறந்துட்டேன்னு சொல்லாதீங்கப்பா. எதுக்கும்."

கார்த்திகை 15, திங்கள்

வெயில். சொதியைக் குழி வெட்டிக் கொட்டினேன். பாத்திரம் மூன்று தரம் கழுவியும் வாசம் போகவில்லை.

பேச்சி கடை திறக்கவில்லை. இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். வண்டி தார்ப்பாய் போட்டபடி. பசு மட்டும் நின்றது.

மைதீன் பாயிடம் கேட்டேன். "வேல பாரும்வே," என்றார். பிறகு தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

முன்பக்கம்: பால். ரசப்பொடி.

கார்த்திகை 16, செவ்வாய்

காலை பனி. கடை திறந்திருந்தது.

தூரத்தில் இருந்தே பார்த்தேன். வாழைத்தார் நாலும் வண்டியை விட்டு வேப்பமரக் கிளையில். வண்டியின் மறுகோடியில் புது கே., தலைப்பச்சை நறுக்கியது, பாதிக்கு ஈரச் சாக்கு. கிட்டப் போனேன். நான் கைகாட்டவில்லை. வாயால் கேட்டேன்.

"ரெண்டு கிலோ கேரட்டு தாங்க, மைனி."

பேச்சி என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஆவணிக்கு அப்புறம் முதல் தரம். கண் வீங்கியிருந்தது. குவியலில் இருந்து ஒன்றை எடுத்து ஒடித்தாள். ஒரு பாதியை அவள் கடித்தாள். மென்றாள், நேரம் எடுத்து. மறு பாதியைத் தராசுத் தட்டில் என் பக்கமாக வைத்தாள். தின்றேன்.

"கசக்கா?"

"இல்ல."

தட்டில் அள்ளிப் போட்டாள். முள் அரைக் கிலோவில் நின்றதும் கையை எடுத்துவிட்டாள்.

"ரெண்டு கிலோ கேட்டேன்."

"ஒத்தை ஆளு எம்புட்டுத் திம்பிய? திங்கிற அளவுக்கு வாங்கினாப் போதும். என் கடையில எடுத்துட்டுப் போயி குழியில கொட்டுததுக்கு நான் விக்கல்ல."

பையில் போட்டாள். அடுத்து நின்றவளிடம் திரும்பி, "உனக்கு என்னளா?" என்றாள்.

முன்பக்கத்தில் எழுதினேன்: கேரட், அரைக் கிலோ. பேச்சி கடை.